மூன்று தறி போதும்

"இருபது வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டுல எத்தனை தறி?"

"மூணு."

"இப்போ?"

"மூணு."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஆரணியில் நெசவாளர்களுக்கென்று நடந்த தொழில்முனைவோர் பயிற்சி அது. கல்யாண மண்டபத்து மேடையில் திரை கட்டி, மேலே மேலே ஏறும் கோடுகளாகப் படம் காட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க பண்றது தொழில் இல்லை, பிழைப்பு" என்றார்.

பிறகு விளக்கினார். இந்த மாதிரித் தொழிலுக்கு வெளிநாட்டில் 'லைஃப்ஸ்டைல் பிசினஸ்' என்று பெயராம். நடத்துகிறவரின் வீடு ஓடினால் போதும், அவருக்குப் பிடித்த மாதிரி நாள் கழிந்தால் போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று நடக்கும் தொழில். வளராத தொழில் தேயும், தேய்வது ஒருநாள் இல்லாமல் போகும் என்றார். மூன்று தறி முப்பதாக வேண்டும், வேலை செய்கிற கை வேலை வாங்குகிற கையாக வேண்டும், அதுவரை யாரும் தன்னைத் தொழில் செய்பவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று முடித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவர் ஒருவருடைய கருத்து என்றால் அன்றோடு விட்டிருப்பேன். ஆனால் இதே பேச்சைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். பாவு போடக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், "விரிவாக்கத் திட்டம் எங்கே?" என்கிறார்கள். இருக்கிற மூன்று தறிக்கு நூல் வாங்கக் கடன் கேட்பவளுக்கு மதிப்பில்லை. பத்துத் தறி போடப்போகிறேன் என்று எழுதினால் நாற்காலி கிடைக்கிறது. மகளுக்கு வரன் பேச வந்தவர்கள், "இன்னும் வீட்டுத் தறிதானா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்தார்கள். என் கூடப் பிறந்த தம்பியே, "அக்கா, நீங்க நின்ன இடத்துலயே நிக்கறீங்க" என்கிறான். எல்லோரும் ஒன்றைச் சொல்கிறார்கள் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. இது தவறு என்று நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் 'பிழைப்பு' என்ற அந்தச் சொல். எங்கள் தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், "பொழப்பு எப்டிப் போவுது?" என்பதுதான் முதல் கேள்வி. உடம்பு, பிள்ளைகள், தறி, கடன் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கும். சாகக் கிடந்தவர் எழுந்தால் பிழைத்துக்கொண்டார் என்கிறோம். புதிய ஊருக்குப் போய்க் காலூன்றியவரைப் பிழைக்கத் தெரிந்தவர் என்கிறோம். வாழ்வதற்கும் வாழ்வதற்காகச் செய்யும் வேலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொல்லை மேடையில் ஏறி வசவாக்குகிறவர்கள், வாழ்க்கை ஒரு பக்கம் தொழில் ஒரு பக்கம் என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சுவர் கிடையாது. கூடத்தில் தறி, தறிக்குப் பின்னால் சமையல்.

இன்னொன்றும் கவனிக்கிறேன். சென்னையில் கணினி வேலையை விட்டுவிட்டு ஒருவர் வீட்டிலேயே சோப்புக் காய்ச்சினாலோ, பத்துப் பேருக்கு மட்டும் ரொட்டி சுட்டாலோ, வார இதழில் வண்ணப் படத்தோடு பேட்டி வருகிறது. "பெரிதாக்க விருப்பமில்லை, நிம்மதியே போதும்" என்று அவர் சொல்வது தலைப்பாகிறது. படிக்கிறவர்கள் அதைத் துணிச்சல் என்கிறார்கள். அதே வாக்கியத்தை ஆரணியில் ஒரு நெசவுக்காரி சொன்னால் அது முன்னேறத் தெரியாத தனம். மாதச் சம்பளத்தை உதறிவிட்டு வந்தவருக்குப் 'போதும்' என்று சொல்ல உரிமை உண்டு; பரம்பரையாகத் தறிக்குழியில் கால் வைத்தவருக்கு இல்லை. சிறியதாக இருப்பதற்கும் ஒரு சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள் போல இருக்கிறது. அந்தச் சோப்புக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கிற மரியாதையை எங்களுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

இனித் தறிக்கு வருகிறேன், ஏனென்றால் மேடையில் பேசியவர் தறியைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை.

பட்டுச் சேலை நெய்ய முதலில் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற வேண்டும். பழைய பாவு தீரும்போது அதன் கடைசி நூல்களை வெட்டி எறிவதில்லை. தறியிலேயே விட்டு, புதிய பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து முறுக்குகிறோம். நாலாயிரத்துக்கு மேல் இழை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இடது கையில் பழையது, வலது கையில் புதியது, ஒரு திருகு, அடுத்தது. இழை தலைமுடியை விட மெல்லியது; கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, விரல்தான் பார்க்கும். ஒன்று மாறிப்போனால் அச்சில் சிக்கும், விழுதில் தட்டும், சேலை நெடுகக் கோடு விழும். எங்கள் தெருவில் பாவு பிணைப்பதற்கென்றே ஒரு பாட்டி இருக்கிறார். பிணைத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவார், விரல் நிற்காது. அவரிடம் போய், நாளைக்கு இரண்டு மடங்கு வேகத்தில் பிணையுங்கள் என்று சொல்ல முடியுமா?

கைத்தறியின் கணக்கு இங்கேதான் மற்றத் தொழிலில் இருந்து பிரிகிறது. மாவு மில்லில் பெரிய எந்திரம் வைத்தால் கிலோவுக்கு ஆகும் செலவு குறையும். ஆரணி அரிசிக்குப் பேர்போன ஊர். எங்கள் ஊர் ஆலைகளில் அதைக் கண்ணால் பார்க்கிறோம். தறியில் அது நடக்காது. மூன்று தறியில் ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறதோ, முப்பது தறியிலும் ஒரு சேலைக்கு அத்தனை நாள்தான். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்குத் தனி நாடா. ஒவ்வொரு ஊடையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கைதான் செய்ய வேண்டும். கையைப் பெருக்க முடியாது. கைகளைச் சேர்க்கத்தான் முடியும், அப்படிச் சேர்த்தவர் அதற்குப் பின் நெய்வதில்லை. அவர் நூல் கொடுத்துக் கூலி கொடுக்கிறவர் ஆகிறார். எங்கள் ஊரில் அவருக்கு முதலாளி என்று பெயர்.

பெரியதாக இருப்பதால் லாபமே இல்லையா என்றால், இருக்கிறது, இரண்டு இடத்தில். மொத்தமாக வாங்கினால் பட்டு நூலும் ஜரிகையும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். நிறையச் சேலை வைத்திருந்தால் கடைக்காரர் உட்காரச் சொல்வார். அவ்வளவுதான். வாங்குவது, விற்பது ஆகிய இரண்டையும் பத்து வீடுகள் சேர்ந்தும் செய்யலாம். 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். நெய்வது அவரவர் வீட்டில், வாங்கி விற்பது கூட்டாக. ஒரு வீடு இன்னொரு இருபது வீட்டைக் கூலிக்கு அமர்த்தினால்தான் வளர்ச்சி, இருபது வீடுகள் சரிசமமாகச் சேர்ந்தால் அது வளர்ச்சி இல்லை என்று எந்தக் கணக்குப் புத்தகம் சொல்கிறது?

பயிற்சியாளர் என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. தறி எத்தனை என்று கேட்டார். தறியில் இருக்கும் பாவு யாருடையது என்று கேட்கவில்லை.

இருபது ஆண்டுக்கு முன் எங்கள் வீட்டு மூன்று தறியிலும் இருந்தது முதலாளியின் பாவு. என் மாமனார் மூத்த மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம், அவர் காலத்துக்குப் பிறகும் எங்கள் தறியோடு கட்டப்பட்டிருந்தது. எந்தச் சேலை நெய்ய வேண்டும், என்ன நிறம், எத்தனை நாளில், என்ன கூலி எல்லாம் அங்கே முடிவாகும். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் விரித்துப் பார்த்து, ஒரு சிறிய புள்ளியைக் காட்டிக் கூலியில் பிடிப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பாவைத் தூக்கிக்கொண்டு வருவோம். முன்பணம் தீரும்வரை வேறு ஒருவரிடம் போக முடியாது; கூலியில் வீட்டுச் செலவு போக மிச்சம் இல்லாததால் முன்பணம் தீராது.

அதை அடைத்து, ஒரே ஒரு பாவுக்குச் சொந்தமாக நூல் வாங்கி, முதல் சேலையை நாங்களே கொண்டுபோய் விற்க எங்களுக்கு ஆறு வருடம் ஆயிற்று. இரண்டாவது தறி சொந்தப் பாவுக்கு வர இன்னும் மூன்று வருடம். இன்று மூன்றிலும் எங்கள் பாவு. ஒன்றில் என் வீட்டுக்காரர், ஒன்றில் நான், மூன்றாவதில் எதிர்வீட்டுப் பெண் கூலிக்கு. அவளிடம் முன்பணம் என்று ஒரு காசு கொடுத்துக் கட்டிப்போடவில்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். மேடையில் ஏறும் கோட்டில் இது தெரியாது. மூன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் நடந்தது எங்கள் வாழ்க்கையிலேயே பெரிய வளர்ச்சி.

சரி, வளர்ந்தவர் கதையையும் சொல்கிறேன். என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் ஒருவர். நல்ல நெசவாளர், அவர் நெய்த முந்தியைப் பார்த்தே இன்னார் கை என்று சொல்லலாம். நான்கு தறி வைத்திருந்தவர், கடன் வாங்கி இருபதுக்கு மேல் கொண்டுபோனார். ஊரே மெச்சியது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் தொழிலில் நூலுக்கும் கூலிக்கும் கைமாறுவது ரொக்கம். அது கல்யாண மாதங்களை ஒட்டிய நேரம். அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. கணக்கைச் சீராக்கி எழுந்திருக்கும்போது 2020 மார்ச் ஊரடங்கு. கல்யாணங்கள் நின்றன. கடைகள் வாங்கிய சேலையையே திருப்பிக் கொடுத்தன. இருபது வீடுகள் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. நிலத்தை விற்றுக் கூலி கொடுத்தார்; அந்த விதத்தில் அவர் பெரிய மனிதர். இப்போது இரண்டு தறி வைத்திருக்கிறார். போன தை மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது மறுபடியும் அவரே நாடா ஓட்டிக்கொண்டிருந்தார். "பத்து வருஷம் கழிச்சு இப்பத்தான் நெய்யறேன்மா" என்றார்.

நாங்களும் அதே ஊரடங்கில் தவித்தோம். மூன்று தறியையும் நிறுத்திவிட்டு, ரேஷன் அரிசியும் கொல்லையில் இருந்த கீரையுமாக நாட்களைத் தள்ளினோம். ஆனால் தறி நின்றதால் எங்களுக்கு வட்டி ஏறவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் அறையில் இருந்த நூலைக் கொண்டு மறுபடியும் ஓட்டினோம். நின்று மறுபடி ஓடக்கூடியதாக இருப்பது சிறிய தொழிலின் பலம். அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

'லைஃப்ஸ்டைல் பிசினஸ்' என்று குறைத்துச் சொல்வது யார் வழக்கம் என்று என் மகள் விசாரித்துச் சொன்னாள். அவள் பொருளாதாரம் படித்தவள். தொழிலில் பணம் போட்டு, சில ஆண்டில் பங்கை நல்ல விலைக்கு விற்று வெளியேற நினைக்கும் முதலீட்டாளர்கள் அப்படிச் சொல்வார்களாம். அவர்கள் பார்வையில் அது சரியே. என் தறியில் பங்கு வாங்கி அவர்களால் யாருக்கு விற்க முடியும்? ஆனால் கடன் கொடுப்பவரின் கண்ணால், பணம் போடுபவரின் கண்ணால் பார்த்துச் சொன்னதை, உழைப்பவர் தன்னைப் பற்றிய தீர்ப்பாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

அவள் இன்னொன்றும் காட்டினாள். சாயானவ் என்ற ருஷ்யப் பொருளியலாளர் 1925-ல் உழவர் குடும்பப் பண்ணைகளைப் பற்றி எழுதிய நூலில், குடும்பமாகச் செய்யும் தொழிலைக் கம்பெனியின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்று வாதாடியிருக்கிறார். கம்பெனிக்கு லாபம் தனி, கூலி தனி. குடும்பத்தில் அப்படிப் பிரிக்க முடியாது. வீட்டின் தேவையையும் உடம்பின் களைப்பையும் நிறுத்துப் பார்த்து, எங்கே இரண்டும் சமமாகிறதோ அங்கே வேலையை நிறுத்துகிறார்கள். அது சோம்பல் இல்லை, அது ஒரு கணக்கு. நம் ஊர்க்காரர் ஜே. சி. குமரப்பாவும் வேறு வழியில் அங்கேயே வந்து சேர்ந்தார். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். கணக்குத் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவர்தான் 1945-ல் ஜபல்பூர் சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதினார்.

எதிர்த்தரப்பின் பலமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 31 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் கைத்தறியை நம்பியிருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. "பாருங்கள், சிறியதாகவே இருந்தால் இதுதான் கதி" என்கிறார்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அதன் காரணத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள். நூல் யாருடையது, விலை யார் சொல்கிறார், பணம் எப்போது வருகிறது என்ற மூன்றும் தன் கையில் இல்லாத வீடு ஏழையாகத்தான் இருக்கும், அதில் எத்தனை தறி இருந்தாலும். நாங்களும் மூன்று தறியோடுதான் அந்தக் கணக்கில் இருந்தோம். மூன்று தறியோடுதான் வெளியே வந்தோம்.

குடும்பத் தறியின் மேல் இருக்கும் மிகக் கனமான குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன். ஒன்பது வயதில் அப்பாவின் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா வாங்கிக் கொடுத்தவள் நான். பள்ளிக்கூட மணி கேட்கும், எழுந்திருக்க முடியாது. என்னைப் போலத் தெருவில் பாதிப் பிள்ளைகள். ப்ளஸ் டூவையே தபால் வழியில்தான் முடித்தேன். சிறு தறி பிள்ளைகளைத் தின்றது உண்மை. ஆனால் என்னை அங்கே உட்கார வைத்தது அப்பாவின் ஆசை இல்லை, முன்பணம். நாள் தவறினால் கூலி குறையும் என்ற பயம். என் மகள் ஒரு நாளும் அந்தப் பலகையில் உட்காரவில்லை. பாவு சொந்தமாக இருந்ததால் ஒரு சேலை நான்கு நாள் தாமதமானால் எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ள முடிந்தது.

கஷ்டம் இன்றைக்கும் உண்டு. தறிக்குழியில் இருபது வருடம் மிதித்த முழங்கால், மாடிப்படியில் பேசுகிறது. ஐப்பசி கார்த்திகையில் குழியில் ஈரம் ஊறும், பாவு சொன்னபடி கேட்காது, வாரக் கணக்கில் கை கட்டி உட்கார வேண்டும். காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. தார் சுற்றுவது, நூலைப் பிரிப்பது, சேலையை மடிப்பது என்று பெண் செய்யும் வேலை எந்தக் கூலிக் கணக்கிலும் ஏறுவதில்லை. என் வீட்டில் அதற்குத் தனியாக ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும் என்று நான் சண்டை போட்டு, நடுவில் பத்து நாள் பேசாமல் இருந்து, வாங்கினேன். 2021 கடைசியில் தொடங்கி நூல் விலை கிடுகிடுவென்று ஏறியபோது, நெய்து முடித்த சேலையின் விலையில் அடுத்த பாவுக்கு நூல் வாங்க முடியாமல் ஒரு தறியைச் சில மாதம் சும்மா போட்டிருந்தோம். மகன் நெய்ய வரவில்லை. தெருமுனையில் விடியுமுன்னே செய்யாறு சிப்காட்டுக்கும் ஒரகடத்துக்கும் பஸ் வந்து நிற்கிறது; அவனும் அதில் ஏறினான். போகட்டும். பிள்ளை தொடரவில்லை என்றால் தொழில் தோற்றது என்பதை நான் ஏற்கவில்லை. டாக்டர் மகன் வக்கீலானால் மருத்துவம் தோற்றது என்று யாராவது சொல்கிறார்களா?

இத்தனைக்கும் பதிலாகக் கிடைப்பது என்ன என்று கேட்பவர்களுக்குப் பெரிய தத்துவம் எதுவும் சொல்லத் தெரியாது. அமாவாசைக்குத் தறி நிறுத்துவோம். என் மாமனார் காலத்தில் இருந்து அப்படித்தான். மாலையில் பிள்ளைகள் பள்ளியில் இருந்து வந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தது. அத்தை கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். கட்டிலைத் தறிக்குப் பக்கத்திலேயே போட்டோம். இரண்டு ஊடைக்கு நடுவில் எழுந்து தண்ணீர் கொடுக்க முடிந்தது. பேச்சு நின்ற பிறகும் தறியின் ஜக்கார்டு சத்தம் நின்றால் கண் திறந்து பார்ப்பார். மறுபடியும் ஓட்டினால் மூடிக்கொள்வார். அந்த எட்டு மாதமும் நான் வேறு எங்கேயாவது வேலைக்குப் போயிருந்தால், சம்பளம் கூட வந்திருக்கும். அத்தை தனியாகக் கிடந்திருப்பார். இந்த வித்தியாசத்துக்கு மேடையில் இருந்தவர் எந்த எண்ணைப் போடுவார்?

எங்களை வளரச் சொல்பவர்கள், உண்மையில் எங்களை நசுக்குவது எது என்று பார்த்தால் நன்றாக இருக்கும். விசைத்தறியில் நெய்த சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள். நாங்கள் பத்து நாள் நெய்வதை அங்கே ஒரே நாளில் இறக்கிவிட்டு, எங்கள் சேலைக்குப் பக்கத்திலேயே அடுக்குகிறார்கள். 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், பிறகு அதை 11 ஆகக் குறைத்தார்கள். சட்டத்தையே எதிர்த்துப் போட்ட வழக்கில் அது செல்லும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டம் இருக்கிறது. பறக்கும் படை வருவதுதான் அபூர்வம்.

அடுத்தது பணம். சேலையை வாங்கிக்கொண்டு மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துப் பணம் கொடுப்பது கடைகளில் வழக்கமாகிவிட்டது. ஒருமுறை ஒரு கடையில் ஐந்து சேலைக்கான பணத்துக்கு ஏழு தடவை பஸ் ஏறினேன். எட்டாவது தடவை பாதி கிடைத்தது. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உத்யம் பதிவு உள்ள சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும்வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் இருந்து விதி வந்திருக்கிறது. பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஆனால் கடைக்காரரிடம் போய்ச் சட்டம் பேசினால் அடுத்த சேலையை அவர் வாங்க மாட்டார். இதற்கு முப்பது தறி மருந்து இல்லை. முப்பது தறிக்காரருக்கு எங்களைப் போலப் பத்து மடங்கு நிலுவை. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஒரே குரலில் கேட்டால் மட்டுமே இது நகரும். எங்கள் தெருவில் அப்படிச் சேர முயல்கிறோம். இதுவரை ஆறு வீடுகள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். கைத்தறி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் இருந்ததை 2023-ல் 300 ஆக்கினார்கள். எங்களுக்கு அது பெரிய உதவி. நெசவாளர் முத்ரா கடன் 6 விழுக்காடு வட்டிக்குக் கிடைக்கிறது, அதற்காக அலைந்து வாங்கத் தெம்பு இருந்தால். இவை எல்லாம் சிறிய தறி சிறியதாகவே நிற்க உதவும் ஏற்பாடுகள். ஒரு கையால் இதைக் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் "ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறாய்?" என்று கேட்பதுதான் எனக்குப் புரியவில்லை.

1953 ஜனவரியில் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அண்ணா திருச்சித் தெருக்களில் துணியைச் சுமந்து விற்றார். நெசவாளர்களைப் பார்த்து, நீங்கள் ஏன் பெரிய ஆளாகவில்லை என்று அவர் கேட்கவில்லை. வாங்குகிற மக்களிடம் போனார். நானும் இந்தக் கட்டுரையை அவர்களிடமே கொண்டுவருகிறேன்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிபுரத்துச் சேலையை விட எடை குறைவு, கட்டினால் உடம்போடு படியும், விலையும் தாங்கும். ஆனால் எங்கள் ஊரில் நெய்த சேலைகளில் எத்தனையோ, கடைக்குப் போனதும் காஞ்சிபுரம் ஆகிவிடுகின்றன. பெயர் போனால் விலை சொல்லும் உரிமையும் போகிறது. ஆகையால் அடுத்த கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது, ஆரணிப் பட்டு வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கும்போது பில்லில் எந்த ஊர்ச் சேலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அந்தச் சேலையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.